அய்யா வைகுண்டர்: நோக்கமும் மரபும் பற்றிய விவாதங்கள்

அய்யா வைகுண்டர் (1809–1851) தென்திருவிதாங்கூரில் தோன்றிய அய்யாவழியின் மூலவர். இவரை அடியவர்கள் நாராயணரின் அவதாரமாக வணங்குகின்றனர். பாடநூல்கள் சமூகச் சீர்திருத்தவாதி என்கின்றன. இவர் காலத்தை அடுத்து வாழ்ந்த ஐரோப்பிய மறைப்பணியாளர்கள் இவரைத் தங்கள் பணிக்கு ஒரு தடையாகக் கண்டனர். திருவிதாங்கூர் அரசு இவரைச் சிறையில் அடைத்தது. ஒரே மனிதரைப் பற்றி இத்தனை விதமான தீர்ப்புகள் ஏன் எழுந்தன, அவற்றுள் எவை சான்றுகளுக்குப் பொருந்துகின்றன, அவர் விட்டுச்சென்ற மரபுக்கு இன்று யார் உரிமை கொண்டாடுகின்றனர் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

பின்புலம்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில் ஏறத்தாழப் பாதித் தொலைவில் சாமித்தோப்பு உள்ளது. பூவண்டன்தோப்பு என்பது அதன் பழைய பெயர். இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள இவ்வூர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் (பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி) ஆட்சிப் பகுதியில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியின் நாடார், ஈழவர், பறையர், புலையர் முதலிய மக்கள் கடுமையான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தனர். தலைவரி செலுத்த வேண்டும். அரசுக்கும் கோவிலுக்கும் கூலியின்றி ஊழியம் செய்ய வேண்டும். தலைப்பாகை கட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. மேல்சாதியாரிடமிருந்து குறித்த தூரம் விலகி நிற்க வேண்டும். பெண்கள் மார்பை மறைத்துச் சேலை அணியக் கூடாது. சாதிக்கேற்ப எந்தப் பெயரைச் சூடலாம், எதைச் சூடக் கூடாது என்பதிலும் தடை இருந்தது.

முத்துக்குட்டியின் வாழ்க்கை இந்தத் தடையோடுதான் தொடங்குகிறது. பொன்னுமாடன், வெயிலாள் தம்பதியருக்கு 1809இல் பிறந்த மகனுக்கு முதலில் 'முடிசூடும் பெருமாள்' என்று பெயரிட்டனர் என்றும், பனையேறிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசருக்கும் இறைவனுக்கும் உரிய பெயரா என்ற எதிர்ப்பு எழுந்ததால் 'முத்துக்குட்டி' என மாற்றினர் என்றும் மரபு கூறுகிறது.

இதே காலத்தில் இப்பகுதிக்குக் கிறித்தவமும் வந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியை மையமாகக் கொண்டு பணியாற்றினார். 1818இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் பொறுப்பேற்றார். பள்ளி, அச்சகம், ஆலயம் என மிஷன் வேரூன்றியது. மயிலாடியிலிருந்து சாமித்தோப்பு நடந்து செல்லும் தூரமே. முத்துக்குட்டி வளர்ந்த சூழலில் புதிய வேதமும் பழைய சுடலைமாடன் கோவில்களும் அருகருகே இருந்தன என்பதை நினைவிற்கொள்வது பின்வரும் விவாதத்திற்குத் தேவையாகும்.

திருச்செந்தூர் நிகழ்வு

முத்துக்குட்டி இளமையிலேயே விஷ்ணு பக்தராக இருந்தார். திருமாலம்மாளுடன் இல்லறம் நடத்தினார். இருபது வயதைக் கடந்த நிலையில் கடும் நோய்க்கு ஆளானார். மகனைத் திருச்செந்தூர் மாசித் திருவிழாவிற்கு அழைத்துச் செல்லுமாறு தாய் வெயிலாளுக்குக் கனவில் கட்டளை வந்தது என அகிலத்திரட்டு அம்மானை கூறுகிறது. 1833இல் உறவினர் சூழ அவரைக் கொண்டு சென்றனர். அங்கே அவர் கடலுக்குள் சென்று மறைந்தார். மூன்றாம் நாள் கரைக்கு வந்தபோது எதிர்கொண்ட தாயிடம், தாம் இனி அவர் மகன் அல்லர் என்றும் நாராயணரின் மகனாகிய வைகுண்டர் என்றும் அறிவித்தார். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ஆம் நாளான இதனையே அடியவர்கள் அவதார தினமாகக் கொண்டாடுகின்றனர்.

இந்த மூன்று நாட்கள்தாம் எல்லா விவாதங்களுக்கும் தொடக்கம். அடியவர்க்கு இது முத்துக்குட்டி மறைந்து வைகுண்டர் பிறந்த நிகழ்வு. ஆகவே 1833க்கு முன்னிருந்த மனிதரின் நோக்கம் என்ன என்று கேட்பதே அவர்களுக்குப் பொருந்தாத கேள்வி. வரலாற்று மாணவருக்கோ, கடலில் நடந்தது என்ன என்பதற்கு அகிலத்திரட்டைத் தவிர வேறு சான்று இல்லை. அதன் பின் கரையில் நடந்தவற்றுக்குச் சான்றுகள் உண்டு.

தவம், துவையல் பந்தி, சிறை

பூவண்டன்தோப்பிற்குத் திரும்பிய வைகுண்டர் ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். முதல் இரண்டாண்டு குழிக்குள்ளும், அடுத்த இரண்டாண்டு தரைமட்டத்திலும், கடைசி இரண்டாண்டு உயர்ந்த இருக்கையிலும் அமர்ந்திருந்தார். முதல் தவம் யுகத்திற்காக, இரண்டாம் தவம் சாதிக்காக, மூன்றாம் தவம் பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும் எனப் பொருள் கூறப்படுகிறது. குழியிலிருந்து மேடைக்கு என்ற இந்த வரிசையே ஒரு செய்தியைச் சொல்வதாகப் பலர் கருதுகின்றனர்.

நோய் தீர்க்கும் தண்ணீரும் மண்ணும் வாங்கிச்செல்ல மக்கள் திரண்டனர். வந்தவர்களுக்கு அவர் வகுத்த நடைமுறைகள் எளியவை. பலியிடக் கூடாது. மாடன், காடன் முதலிய தெய்வங்களுக்கு அஞ்சக் கூடாது. காணிக்கை கொடுக்கக் கூடாது. ஒரே கிணற்றில் எல்லாச் சாதியாரும் நீராடிக் குடிக்க வேண்டும். ஒரே பந்தியில் உண்ண வேண்டும். தலைப்பாகை கட்டியே வழிபட வேண்டும். அந்தப் பொதுக்கிணறு முத்திரிக்கிணறு என்ற பெயரில் இன்றும் சாமித்தோப்பில் உள்ளது. பதிக்குச் செல்வோர் முதலில் அங்கே நீராடுவது வழக்கம்.

இவற்றுள் தலைப்பாகையின் பொருளை இன்றைய வாசகர் எளிதில் உணர முடியாது. வேறு கோவில்களில் தலைத்துணியை அவிழ்ப்பது பணிவின் அடையாளம். தலையில் துணி கட்டுவதே தண்டனைக்குரியதாக இருந்த மக்களிடம், இறைவன் முன்னிலையில் தலைப்பாகையோடு நில் என்று ஒருவர் சொன்னால், அது வழிபாட்டு விதி மட்டுமன்று. அரசன் முன் அவிழ்க்க வேண்டியதை ஆண்டவன் முன் கட்டலாம் என்றால், அரசனின் விதிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி தானாகவே எழும்.

இன்னொரு முயற்சி துவையல் பந்தி. சுமார் 700 குடும்பங்கள் ஊரை விட்டு முதலில் வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் கடலோரத்தில் கூடி வாழ்ந்தன என்பது மரபு. அடிக்கடி நீராடித் துணி துவைத்து, புலால் நீக்கி, நாளுக்கு ஒருவேளை உண்டு, கூட்டாக வழிபட்டனர். தூய்மை ஒரு சாதிக்குப் பிறப்பால் வருவது என்று சொல்லப்பட்ட நாட்டில், தூய்மையைத் துவைத்துப் பெறலாம் என்று காட்டியது இப்பந்தி. தோய்த்த வேட்டியும் ஒருவேளைச் சோறும் இவ்வளவு பெரிய வாதத்தைச் சுமந்தன.

பனையேறி ஒருவர் விஷ்ணு என்று சொல்லிக் கூட்டம் சேர்க்கிறார் என்ற புகார் அரசர் சுவாதித் திருநாளிடம் (ஆட்சி 1829–1846) சென்றது. 1830களின் பிற்பகுதியில் வைகுண்டர் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் வைக்கப்பட்டார். படைவீரர் வந்தபோது எதிர்க்கத் துணிந்த அடியவர்களை அவர் தடுத்துவிட்டார் என்று அகிலத்திரட்டு கூறுகிறது. ஆயர் குலத்தைச் சேர்ந்த பூவண்டர் அரசரிடம் வைகுண்டருக்காகப் பரிந்து பேசினார் என்பதும் அதே நூலின் செய்தி. தம் சாதியாரோடு மட்டும் பழகுவதாக எழுதிக்கொடுத்தால் விடுதலை என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை என்பதும் மரபு. சுமார் 110 நாட்கள் சிறையில் இருந்தபின் விடுதலையானார். 1851 ஜூன் 2 அன்று மறைந்தார். சாமித்தோப்பில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட இடமே தலைமைப்பதி.

சான்றுகளின் தன்மை

வைகுண்டரைப் பற்றிய முதன்மைச் சான்று அகிலத்திரட்டு அம்மானை. வைகுண்டரின் ஐந்து சீடர்களுள் ஒருவரான அரிகோபாலன் (சகாதேவன் சீடர்) எழுதியது. 15,000க்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது. இறைவன் சொல்லச் சொல்லத் தாம் எழுதியதாக அவர் கூறுகிறார். வைகுண்டர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டது இதன் சிறப்பு. ஆனால் இது புராணம், வரலாறு, வருங்காலக் கூற்று மூன்றும் கலந்த நூல். நெடுங்காலம் ஏட்டுச் சுவடியாக இருந்து 1939இல்தான் அச்சேறியது. மற்றொரு நூலான அருள்நூல் அதற்கு முன்பே 1927இல் அச்சானது.

இரண்டாவது சான்று லண்டன் மிஷனாரின் எழுத்துகள். சாமுவேல் மடீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில் முத்துக்குட்டியைக் குறிப்பிடுகிறார். மூன்றாவது, திருவிதாங்கூர் அரசின் நடவடிக்கை.

இம்மூன்று தரப்புக்கும் சொந்த நலன் இருந்தது. அகிலத்திரட்டுக்கு அவர் இறைவன் என்பது நிறுவப்பட வேண்டும். மிஷனாருக்குத் தங்கள் பக்கம் வர வேண்டிய மக்கள் வேறு பக்கம் சென்றதற்குக் காரணம் வேண்டும். அரசுக்கு ஒழுங்கு குலையக் கூடாது. ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று பகையான சான்றுகள் என்பதே வரலாற்றாசிரியருக்கு உதவி. பகைவர் இருவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி பெரும்பாலும் உண்மையாக இருக்கும். பெருங்கூட்டம் கூடியது, கூடியவர்கள் பேய்வழிபாட்டைக் கைவிட்டனர், அவர் தம்மை விஷ்ணு அவதாரம் என்று அறிவித்தார் என்பவற்றில் கருத்து வேறுபாடு இல்லை.

நோக்கம் பற்றிய விவாதங்கள்

முதலாவது, ஏமாற்று என்ற கருத்து. மிஷனாரின் குறிப்புகள் அவதாரம் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் என்ற தொனியில் அமைந்தவை. இக்கருத்துக்கு எதிராக நிற்பது காணிக்கை மறுப்பு. செல்வம் சேர்க்க நினைப்பவர் முதலில் உண்டியலை ஒழிக்கமாட்டார். சிறைக்குப் போன பின்னும், ஒரு கையெழுத்தில் தப்பிக்க வழி இருந்தும், தம் கூற்றை அவர் மாற்றவில்லை என்ற மரபும் இதற்கு எதிரானது. ஆகவே இக்கருத்து சான்றுகளோடு பொருந்தவில்லை. எனினும் மிஷனாரின் எழுத்தை ஒதுக்கிவிட முடியாது. தடையென்று அவர்கள் எழுதியதே இவ்வியக்கத்தின் வீச்சுக்கு வெளியாள் தந்த சான்றாகும்.

இரண்டாவது, கிறித்தவத்திலிருந்து எடுத்தார் என்ற கருத்து. மூன்றாம் நாள் எழுதல், இறைவனின் மகன், வரப்போகும் தர்ம யுகத்தின் ஆட்சி ஆகியவற்றைச் சுட்டுவர். அருகிலேயே மிஷன் இருந்ததால் அவர் ஒன்றும் அறியாதிருந்தார் என்று சொல்வது பொருந்தாது. ஆனால் அகிலத்திரட்டின் கட்டமைப்பு யுகங்கள், குறோணி என்ற அரக்கன், கலி, நாராயணர் என விரிவது. அது அம்மானைக் கதைப்பாட்டின் நடையில், வில்லுப்பாட்டும் கதைப்பாட்டும் கேட்டு வளர்ந்த மக்களுக்காக எழுதப்பட்டது. அண்டை வீட்டாரிடம் பேசிப் பழகிய ஒருவர் தம் வீட்டை அண்டை வீட்டுக் கல்லால் கட்டினார் என்று முடிவுகட்ட முடியாது.

மூன்றாவது, அரசியல் எதிர்ப்பு என்ற கருத்து. அகிலத்திரட்டு திருவிதாங்கூர் அரசரைக் 'கலிநீசன்' என்றும், வெள்ளையரை 'வெண்ணீசன்' என்றும் அழைக்கிறது. இசை உலகம் போற்றும் வாக்கேயக்காரரான சுவாதித் திருநாளும் இந்த நூலில் வரி வாங்கும் நீசனே. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், காலனியம், தேசியம் என்ற இரண்டே பெட்டிகளில் வைகுண்டரை அடக்க முடியாது என்பதைக் காட்டினார். வெள்ளையரை எதிர்த்ததால் அவரைத் தேசியவாதி என்றும் சொல்ல முடியாது. உள்நாட்டு அரசரை எதிர்த்ததால் வெள்ளையரின் ஆதரவாளர் என்றும் சொல்ல முடியாது. அடித்தட்டில் நின்று பார்த்தவருக்கு இருவரும் ஒரே கலியின் இரு முகங்களாகத் தெரிந்தனர்.

நான்காவது, சீர்திருத்தம் என்ற கருத்து. இன்று பாடநூல்களிலும் மேடைகளிலும் நிலைத்திருப்பது இதுவே. ஆர். பொன்னு 2000இல் வெளியிட்ட நூல் சமூகச் சமத்துவப் போராட்டத்தின் பகுதியாக அவரைக் காட்டுகிறது. இது பெருமளவு உண்மை. குறை என்னவெனில், சமயத்தைச் சமூகப் பணிக்கு அவர் போர்த்திக்கொண்ட உடையாக இக்கருத்து எடுத்துக்கொள்ளக்கூடும். பொதுக்கிணறு சமூகப்பணி, அதில் நீராடுவது சமயம் என்று நாம் பிரிப்பது போல அந்த மக்கள் பிரிக்கவில்லை. ஜி. பேட்ரிக் 2003இல் வெளிவந்த தம் ஆய்வில், ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் சமயத்தைத் தாங்களே உருவாக்கிக்கொண்ட ஆற்றலாக அய்யாவழியைப் பார்ப்பது இக்குறையை நிறைவு செய்கிறது.

அவதாரம் என்ற அறிவிப்பு எவ்வளவு ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதை அக்காலச் சீனாவோடு ஒப்பிட்டால் விளங்கும். வைகுண்டருக்கு ஐந்தாண்டு பின்னர் 1814இல் பிறந்தவர் ஹோங் சியுசுவான். 1837இல் நோயில் கிடந்தபோது காட்சிகள் கண்டார். பின்னர் தம்மை இயேசுவின் தம்பி என்று அறிவித்தார். 1851 ஜனவரியில், வைகுண்டர் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, தைப்பிங் என்ற விண்ணரசை நிறுவினார். 1864 வரை நடந்த போரில் மாண்டவர் 2 கோடிக்கு மேல் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. நோய், காட்சி, இறைவனின் உறவு என்ற கூற்று, சமத்துவ வாக்குறுதி ஆகியவை இருவரிடமும் உண்டு. ஒருவர் வாளை எடுத்தார், மற்றவர் தலைப்பாகையை எடுத்தார். தலைவரின் உள்மனம் எப்படியிருந்தது என்பதைவிட, தொண்டரின் கையில் எதைக் கொடுத்தார் என்பதே வரலாற்றில் கணக்காகிறது.

திருத்தப்பட வேண்டிய ஒரு செய்தி

வைகுண்டர் தோள்சீலைப் போராட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தி வெற்றி பெற்றார் என்று சில எழுத்துகளில் காணப்படுகிறது. காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. முதல் கலகம் 1822–23இலும், இரண்டாவது 1827–29இலும் நடந்தன. அப்போது முத்துக்குட்டி இளைஞர், வைகுண்டராகவில்லை. மூன்றாவது கலகம் 1858–59இல் நடந்தது. அப்போது அவர் மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரச அறிவிப்பு 1859 ஜூலை 26 அன்று வந்தது. இப்போராட்டங்களில் முன்நின்றவர்கள் பெரும்பாலும் கிறித்தவ நாடார்கள். மிஷனாரும் சென்னை ஆளுநர் டிரவிலியனும் அரசுக்கு நெருக்கடி தந்தனர்.

இதனால் வைகுண்டரின் பங்கு குறைந்துவிடாது. மதம் மாறாதவர்களிடையே, இரண்டாம் கலகத்திற்கும் மூன்றாம் கலகத்திற்கும் இடைப்பட்ட காலத்தில், மானத்தோடு உடுக்க வேண்டும் என்ற உணர்வை வளர்த்தவர் அவர். செய்யாத செயலைச் சேர்த்துப் பெருமை தேடினால், பொய் வெளிப்படும் நாளில் செய்த செயலும் சேர்ந்து ஐயத்திற்குள்ளாகும். அவருக்கு அந்தத் துணை தேவையில்லை.

மரபுக்கு உரியவர் யார்

வைகுண்டர் வாரிசு அமைப்பு எதையும் வெளிப்படையாக வகுத்துவிட்டுச் சென்றிருந்தால் பிற்கால வேறுபாடுகள் பல தோன்றியிருக்கமாட்டா. சாமித்தோப்பின் பணிவிடை முத்துக்குட்டியின் மகன் பொதுக்குட்டியின் வழியினரிடம் வந்தது. சீடர்களின் வழியில் நின்றவர்களுக்கு இது முழுவதும் உடன்பாடாக இல்லை. சாமித்தோப்பு, அம்பலப்பதி, முட்டப்பதி, தாமரைகுளம்பதி, பூப்பதி ஆகிய ஐந்தும் பஞ்சபதிகள் எனப்படுகின்றன. துவையல் பந்தி தொடங்கிய வாகைப்பதியை இந்த எண்ணிக்கையில் சேர்ப்பதா என்பதிலும் வேறுபாடு உண்டு. அகிலத்திரட்டின் ஏட்டுப்படிகளுக்குள்ளும் பாட வேறுபாடுகள் உள்ளன.

இரண்டாவது விவாதம் சாதி பற்றியது. அகிலத்திரட்டு 'சான்றோர்' என்ற சொல்லை மையமாக வைக்கிறது. இதை நாடார் குலத்தின் பெயராகவே கொள்வோர் உண்டு. நற்குணம் உடைய எவரும் சான்றோரே என்பவரும் உண்டு. நூலில் இரண்டு பொருளுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் பதினெண் சாதியும் ஒன்றாக வேண்டும் என்ற கருத்தும் அதே நூலில் உள்ளது. தம் சாதியோடு மட்டும் இருக்கச் சம்மதிக்காமல் சிறையில் இருந்தார் என்று நம்புவோர், அவரை ஒரு சாதியின் தலைவராகச் சுருக்குவது அந்தச் சிறைவாசத்தையே வீணாக்குவதாகும்.

மூன்றாவது, அய்யாவழி தனிச் சமயமா, இந்து சமயத்தின் ஒரு பிரிவா என்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அய்யாவழியினர் இந்துக்களாகவே எண்ணப்படுகின்றனர். நாராயணர், சிவன், யுகக் கொள்கை, நாமம் ஆகியவை இந்த வகைப்பாட்டிற்கு ஆதரவு. உருவ வழிபாடு இல்லாமை, தனி வேதநூல், இறந்தவரை எரிக்காமல் அடக்கம் செய்தல், தனிச் சடங்குகள் ஆகியவை தனிச் சமயம் என்பார்க்கு ஆதரவு. வழிபடச் செல்லும் எளிய அடியவர் பலருக்கு இக்கேள்வி எழுவதே இல்லை. அவர்கள் 'அய்யா கோவிலுக்குப் போகிறோம்' என்கின்றனர்.

நான்காவது, சடங்குகள் பற்றியது. தலைமைப்பதியில் கொடியேற்றுத் திருநாள் 11 நாட்கள் நடைபெறுகிறது. எட்டாம் நாள் முத்திரிக்கிணற்றருகே கலிவேட்டையும், இறுதி நாளில் தேரோட்டமும் உண்டு. கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. ஆடம்பரத்தை மறுத்த வழியில் தேரும் வாகனமும் எதற்கு என்று கேட்போர் அடியவரிடையேயும் இருக்கின்றனர். தேர்வடத்தைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டவர்கள் தமக்கென ஒரு தேர் செய்து இழுப்பதில் என்ன தவறு என்பது மறுமொழி. இரண்டிலும் நியாயம் உண்டு. கோவில் நுழைவு அறிவிப்பு திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்றுதான் வந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இம்மக்களுக்குத் தாமே நுழையக்கூடிய, தாமே பூசை செய்யக்கூடிய இடம் ஒன்று இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

கண்ணாடி

தலைமைப்பதியின் பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. முன்னால் நிற்பவர் விளக்கொளியில் தம் முகத்தையே காண்கிறார். சாமித்தோப்பிற்கு அருகிலுள்ள மருத்துவாமலையில் இளமையில் தவமிருந்த நாராயண குரு (1856–1928) 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவியது கேரளத்தில் பெரிதும் பேசப்படுகிறது. அதே கருத்து வாழும் இடம் மருத்துவாமலை அடிவாரத்திற்கு அண்மையில் இருப்பது வெளியூரார் பலருக்குத் தெரியாது. தொடக்கூடாதவர், பார்க்கக்கூடாதவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் கருவறையில் தம் முகத்தைப் பார்ப்பது என்ன உணர்வைத் தந்திருக்கும் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

மதிப்பீடு

மாசி 20 அன்று நாகர்கோவில் நாகராசா கோவில் பக்கமிருந்து சாமித்தோப்புக்குச் செல்லும் ஊர்வலத்தைக் காண்பவர்கள், காவித் தலைப்பாகையும் வெண்ணிற நாமமும் அணிந்த ஆயிரக்கணக்கானோரைப் பார்க்கலாம். அன்று மாவட்டத்திற்கு உள்ளூர் விடுமுறை. இம்மாவட்டத்தில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியருக்கு வைகுண்டர் பற்றிய கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. நாமமிட்ட மாணவரும், சிலுவை அணிந்த மாணவரும், திருநீறு பூசியவரும், தொழுகைக்குச் செல்பவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பர். சீர்திருத்தவாதி என்று மட்டும் சொன்னால் ஒருவருடைய வீட்டுத் தெய்வம் சிறிதாக்கப்படுகிறது. அவதாரம் என்று சொன்னால் அது வரலாற்றுப் பாடமாக இராது. ஏமாற்றினார் என்றால் சான்றுக்கும் விரோதம், அறத்துக்கும் விரோதம்.

இதற்கு நேர்மையான வழி, அறியக்கூடியதையும் நம்பக்கூடியதையும் பிரித்துச் சொல்வதே. கடலுக்குள் நடந்தது நம்பிக்கையின் பாற்பட்டது. அதை வரலாறு நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது. ஒரு மனிதரின் உள்ளத்தில் இருந்த நோக்கமும் ஏறத்தாழ அப்படியே. ஆனால் கிணறு இருக்கிறது. தலைப்பாகை இருக்கிறது. கண்ணாடி இருக்கிறது. பலிபீடம் இல்லை. இவை யாரும் கண்ணால் கண்டு சரிபார்க்கக்கூடிய சான்றுகள்.

மரபைப் பற்றியும் இதே அளவுகோல் பொருந்தும். யார் குடும்பத்திற்கு உரிமை, எந்தச் சாதிக்குச் சொந்தம், எந்தச் சமயப் பட்டியலில் சேரும் என்ற வழக்குகள் இன்னும் நெடுநாள் நடக்கும். அந்த வழக்குகளின் எல்லாத் தரப்பாரும் பதிக்குள் செல்லும் முன் ஒரே கிணற்றுத் தண்ணீரையே தலையில் ஊற்றிக்கொள்கின்றனர். யார் இறைத்த தண்ணீர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. முத்துக்குட்டி பிறந்த 1809இல் அது நடக்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை.